இருபது ரூபாய்க் குத்தியை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு விற்பது வியாபாரமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் கடை வைத்திருக்கும் சகோதரர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரத்தில் தரம் 8 மாணவன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தான். உள்ளே ஒரு 20 ரூபாய்க் குத்தி. மத்திய வங்கியின் 70ஆவது ஆண்டு நிறைவுக்காக வெளியிட்டது, 2020 என்று பொறித்திருக்கும்.

"சேர், இது எவ்வளவுக்குப் போகும்?"

"நீ எவ்வளவுக்கு வாங்கின?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு. பெருநாள் காசு சேர்."

விற்றவர் முகநூலில் அறிமுகமான ஒருவராம். "அச்சடிச்சதே கொஞ்சம்தான், ரெண்டு வருஷம் வைச்சிருந்தா இருபத்தஞ்சாயிரம் போகும்" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை நம்பிவிட்டான். வாப்பாவுக்குச் சொல்லவில்லை. பயம்.

அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் போனேன். கொண்டக்டர் தந்த மிச்சக் காசைக் கையில் விரித்துப் பார்த்தால், அதே 20 ரூபாய், அதே 2020. என்னுடையது கொஞ்சம் மங்கல், அவனுடையது மினுக்கம். அந்த மினுக்கத்துக்கு 2,480 ரூபாயா?

இதை ஊரில் இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேருமே ஒரே பதில்தான் சொன்னார்கள்: "இந்தக் குத்தி பொறுக்குற விசரை நிப்பாட்டச் சொல்லுங்க மாஸ்டர். படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?"

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியவன் யாரோ. திட்டு வாங்குவது பிள்ளையா?

சில்லறைக்குள் புதுக் குத்தி தேடுவது கெட்ட பழக்கம் இல்லை. செலவில்லாத பழக்கம். கடையில் தரும் மிச்சக் காசைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஆண்டை வாசிக்க வேண்டும், தன்னிடம் இல்லாததை எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். 10 ரூபாய்க் குத்தி எடுத்து வைத்தவனுக்கு நட்டம் எதுவுமே இல்லை. நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோனாலும் அது பத்து ரூபாய்தான்.

ஆனால் கிடைப்பது என்ன என்று பாருங்கள். 2013 என்று பொறித்த 10 ரூபாய்க் குத்திகளில் இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் 25 வகை இருக்கின்றன. என் வகுப்பில் மாவட்டங்களின் பெயரை முழுவதுமாகச் சொல்லக்கூடிய பிள்ளைகள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் குத்தி சேர்க்கிறவர்கள். தேசப்படத்தை வைத்து நான் படிப்பித்ததை விட, "எனக்கு இன்னும் ஆறு மாவட்டம் வேணும்" என்ற ஆசை அவர்களுக்கு நன்றாகப் படிப்பித்திருக்கிறது.

இதே மாணவன் ஒருநாள் அவனுடைய உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்த 5 ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தான். 1981ஆம் ஆண்டு, சர்வஜன வாக்குரிமையின் 50 வருட நிறைவுக்கு வெளியிட்டது. "அம்பது வருஷமெண்டா 1931. அப்ப சுதந்திரமே கிடைக்கல்லயே சேர்?" என்று கேட்டான். டொனமூர் அரசியலமைப்புப் பாடத்தை அன்றைக்கு அந்தக் குத்தியை வைத்தே நடத்தினேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே இந்த நாட்டின் ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள் என்பதை அந்த வகுப்பு இனி மறக்காது. பழைய 5 ரூபாய் ஏன் காந்தத்தில் ஒட்டவில்லை, பிறகு வந்த 5 ரூபாய் ஏன் ஒட்டுகிறது என்று விஞ்ஞான ஆசிரியரிடம் போய்க் கேட்டவனும் அவன்தான். பிந்தியதற்கு உள்ளே உருக்கு, வெளியே முலாம். 2017இல் 1, 2, 5, 10 ரூபாய் எல்லாமே துருப்பிடிக்காத உருக்குக்கு மாறியதைக் கண்டுபிடித்ததும் கடைச் சில்லறையில்தான்.

இதையா நிப்பாட்டச் சொல்கிறீர்கள்?

நிப்பாட்ட வேண்டியவை மூன்று இருக்கின்றன.

ஒன்று, பொய் விலை. புழக்கத்துக்கென்று அடிக்கும் குத்தி இலட்சக்கணக்கில் அடிக்கப்படுகிறது. புதிதாக வரும்போது நம் கைக்கு வர நாள் எடுக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் "கிடைக்காத குத்தி" என்று விற்கிறார்கள். யூடியூபில் ஒருவர் "உங்க வீட்டில் இந்த 5 ரூபா இருந்தா நீங்க இலட்சாதிபதி" என்கிறார். சரி, இலட்சம் தந்து வாங்குபவர் யார்? அவருடைய கடை எங்கே? அதைச் சொல்லமாட்டார். விலை என்பது விற்பவன் சொல்வது இல்லை, வாங்குபவன் கொடுப்பது.

இரண்டு, மினுக்குவது. தேய்ந்த மஞ்சள் 5 ரூபாயைப் பிராசோ போட்டும் புளி போட்டும் தேய்த்து "பாவிக்காத புதுசு" என்று விற்கிறார்கள். நாணயம் சேர்ப்பதைத் தெரிந்தவன் மினுக்கிய குத்தியைத் தொடமாட்டான். மேற்பரப்பு கெட்டால் மதிப்பும் போய்விடும். தெரியாத பிள்ளைதான் வாங்கும். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், அஹதிய்யாவில் படிக்கிறார்கள். நல்லதை மேலே வைத்து, குறையை உள்ளே மறைப்பது. பிராசோ போட்ட குத்தி வேறென்ன?

மூன்று, பதுக்குவது. புதுக் குத்தி வந்தால் தெரிந்தவர் மூலம் பை பையாக வாங்கி வீட்டில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று எடுத்து வைப்பவன் சேகரிப்பாளன். ஆயிரம் எடுத்து வைப்பவனை என்ன சொல்வது? அந்தப் பக்கம் கடையில் பத்து ரூபாய் மிச்சத்துக்கு டொபியைத் தருகிறார்கள். கேட்டால் "சில்லறை இல்ல மாஸ்டர்".

கடைக்காரச் சகோதரர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். டொபியைத் தருகிறீர்கள். அதே டொபியைத் திருப்பிக் கொண்டுவந்தால் காசாக எடுப்பீர்களா? உங்களில் சிலருடைய லாச்சிக்குள்ளும் புதுக் குத்தி தனியாகக் கட்டி வைத்திருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளரின் மிச்சம் அவருடைய ஹக். அதில் இரண்டு ரூபாயும் சேர்த்திதான்.

"விருப்பப்பட்டு வாங்கினான், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே" என்று ஒருவர் சொன்னார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விருப்பம் பொய் சொல்லி வரவைத்த விருப்பம். "இதே குத்தி பஸ்ஸிலும் கிடைக்கும், மினுக்கமாக இருப்பதால் கொஞ்சம் கூட்டித் தாறேன்" என்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். நியாயமான இலாபத்துக்கு யாரும் எதிரியில்லை. அப்படி நேர்மையாக விற்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையும் சேர்த்துத்தான் இந்த ஆட்கள் கெடுக்கிறார்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

பெற்றோர்களே, பிள்ளையின் தகரப் பேணியைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து ஒருநாள் கொட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு போடுங்கள்: தேடலாம், நண்பனோடு மாற்றலாம், காசு கொடுத்து வாங்குவதென்றால் முதலில் வீட்டில் கேட்க வேண்டும். ஒரே குத்தி பத்து இருந்தால் ஒன்பதைக் கடையில் கொடுத்துவிட வேண்டும். கொழும்புக்குப் போனால் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள். எது உண்மையில் அரியது என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும்.

கடைக்காரர்களே, வியாழக்கிழமை பின்னேரங்களில் நான்கைந்து பிள்ளைகளோடு நான் வருகிறேன். அவர்களுடைய பேணிகளில் கிடக்கும் சில்லறையை உங்களுக்குத் தருவார்கள், நீங்கள் நோட்டாகக் கொடுங்கள். பதிலுக்கு உங்கள் லாச்சியை ஐந்து நிமிடம் பார்க்க விடுங்கள். வேண்டிய ஒன்றை எடுத்தால் அதற்குரிய காசை வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். உங்களுக்குச் சில்லறை, அவர்களுக்குக் குத்தி. டொபிக்கு வேலை இல்லை. மூன்று கடைகள் ஏற்கனவே சம்மதித்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவோடு நானே பேசினேன். அடிக்கவில்லை. விற்றவருக்குச் செய்தி அனுப்பினோம், இன்னும் பதில் இல்லை. அவர் இந்தப் பதிவை வாசிக்கிறாரோ தெரியாது. வாசித்தால், காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சகோதரரே. குத்தியைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். பெயரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பஸ்ஸில் கிடைத்த அந்த மங்கல் 20 ரூபாயை நான் செலவழிக்கவில்லை. அவனிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து 20 ரூபாய் நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தான். "காசு வைக்காம எடுக்கக் கூடாது சேர்."

பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு?

வஸ்ஸலாம்.