பேங்கில் போட்ட பணம்



போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவரின் ரிடையர்மென்ட் பணம் முழுவதையும் ஒரே பேங்கில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார்களாம். “ராத்திரி தூக்கம் வரலை சார், பயப்படணுமா?” என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதம் எனக்கு அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஞாபகப்படுத்தியது.

அவர் பதவியேற்றது 1933 மார்ச் 4. நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம். ஆயிரக்கணக்கான பேங்குகள் படுத்துவிட்டன. மிச்சமிருந்த பேங்குகளிலிருந்தும் ஜனங்கள் பணத்தை எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்தார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம்? ரூஸ்வெல்ட் இரண்டே நாளில் நாட்டிலுள்ள அத்தனை பேங்குகளையும் மூட உத்தரவு போட்டார்.

மார்ச் 12, ஞாயிறு இரவு, ரேடியோவில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை பேங்க் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகச் சுற்றுக்கு விடுகிறது. அதனால் எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த நல்ல பேங்காலும் கொடுக்க முடியாது. இதை வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலச் சொன்னார். மறுநாள் முதல் பேங்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாசலில் வரிசை நின்றது. எடுக்க அல்ல, திரும்பப் போட!

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோதும் அதே வழிதான். 1942 பிப்ரவரி 23 அன்று, உலக வரைபடத்தை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேளுங்கள் என்றார். கடைகளில் வரைபடம் தீர்ந்து போனது. அந்த வருஷமே சர்க்கரைக்கு ரேஷன், நவம்பரில் காபிக்கும் ரேஷன். 15 வயது தாண்டியவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. நம் வீடுகளில் காபியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! அங்கேயும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஏன் என்று தெரிந்திருந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

இருந்தாலும் இந்த மனிதரை என்னால் முழுசாகக் கொண்டாட முடியவில்லை. அந்த வரைபடப் பேச்சுக்கு நாலு நாள் முன்புதான் இன்னோர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கடையையும் நிலத்தையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, கையில் தூக்க முடிந்ததோடு போனார்கள். என்ன தப்பு செய்தோம் என்று கேட்ட அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? அரசு முறையாக மன்னிப்புக் கேட்கவே 1988 ஆகிவிட்டது.

சரி, வாசகியின் கேள்விக்கு வருகிறேன். 1933-லேயே அமெரிக்காவில் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ரூஸ்வெல்ட்டுக்கு முதலில் அதில் இஷ்டமே இல்லை. மோசமான பேங்குகளையும் நாமே தாங்க வேண்டி வருமே என்று தயங்கினார். பிறகு சம்மதித்தார். அதே ஏற்பாடு 1962-ல் இந்தியாவுக்கும் வந்தது. அன்றைக்கு வரம்பு 1,500 ரூபாய். 2020 முதல் ஐந்து லட்சம்.

ஆகவே அம்மா, பதற வேண்டாம். ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு பேங்கில் ஒருவர் பெயரில் எத்தனை கிளையில் எத்தனை டெபாசிட் இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரைதான் இந்தப் பாதுகாப்பு. வேறு பேங்கில் போட்டால் அதற்குத் தனியாக ஐந்து லட்சம். சீட்டு கம்பெனிக்கும், தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் போட்ட பணத்துக்கும் இது கிடையாது.

இன்று சாயங்காலம் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லா ரசீதுகளையும் எடுத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் திரும்பவும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்