தோள்வார்

நம் மாணவருள் கிட்டார் வாங்கப் புகுவோர், மரத்தைத் தட்டிப் பார்ப்பர். கம்பியை மீட்டிப் பார்ப்பர். கழுத்து வளைந்துளதோ எனக் கண்ணை இடுக்கி நோக்குவர். விலை பேசி முடிந்த பின்னர், கடைக்காரர் எடுத்து நீட்டும் வார் யாதாயினும் அதனை வாங்கி உறையிலிட்டு மீள்வர். வாரைத் தேர்வது நிறத்தைத் தேர்வதோடு முடிந்துவிடுகின்றது. கருவிக்கு அடுத்தபடி ஆராய்ந்து கொள்ளத்தக்கது அதனைத் தாங்கும் வாரே என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

'கிட்டார் பெல்ட்' எனப் பேச்சில் வழங்குவதனை யாம் தோள்வார் என்போம். வார் என்னும் சொல் நம் இசைக்கருவிகட்குப் புதிதன்று. யாழின் உறுப்புக்களுள் ஒன்றாகிய திவவுக்கு வார்க்கட்டு என்றே உரைகாரர் பொருள் உரைப்பர். தவில் வாசிப்போர் திருவுலாவில் வாரினால் அதனைத் தோளில் தொங்கவிட்டு நடப்பர். பறை முழக்குவோரும் அங்ஙனமே செய்வர். வீணை அமர்ந்து வாசிக்கப்படுவதாதலின் அதற்கு வார் வேண்டப்படுவதில்லை. அமர்ந்து வாசிக்கும் கருவியைத் தரையும் மடியும் தாங்கும். நின்று வாசிக்கும் கருவியைத் தாங்குவது தோளொன்றே.

கிட்டாரும் பண்டு பெரும்பாலும் அமர்ந்தே வாசிக்கப்பட்டது. அதன் இற்றை வடிவத்தை வகுத்தவராகக் கருதப்படும் இசுப்பானியத் தச்சர் அந்தோனியோ தே தொர்ரேசு (1817–1892) செய்த கருவிகள் மடிக்கெனவே அமைந்தவை. செவ்வியல் முறையில் வாசிப்போர் இன்றும் சிறு மணைமேல் இடக்காலை ஊன்றித் தொடையில் கருவியை இருத்துவர். அரங்கில் நின்று பாடிக்கொண்டே வாசிக்கும் வழக்கம் பரவிய பின்னரே தோளுக்கு வேலை வந்தது. நற்செய்திப் பாடல்களைக் கிட்டாரோடு பாடிப் புகழெய்திய அமெரிக்க அம்மையார் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் (1915–1973), 1964-இல் மான்செஸ்டர் நகரில் கைவிடப்பட்ட இரயில் நிலையம் ஒன்றில் நின்று பாடியதைத் திரைப்பதிவில் இன்றும் காணலாம். அவ்வம்மையாரின் இரு கைகளும் விரும்பியவாறு இயங்கியது, கருவியின் பாரம் தோளில் நிலைத்தமையானன்றோ?

பாரமும் சிறிதன்று. உள்ளே வெற்றிடமுள்ள மரக்கிட்டார் ஏறத்தாழ 2 கிலோ நிறையுடையது. முழுமரத்தாற் செய்யப்படும் மின்கிட்டாரோ அதனினும் மிகக் கனமானது. 1952-இல் வெளிவந்த கிப்சன் லெஸ்பால் வகையுள் 4 கிலோவுக்கு மேற்பட்டன பல. பேஸ் கிட்டாரும் அத்தகையதே. இப்பாரத்தை ஒரு மணி நேரம் ஒரு தோள் சுமக்குமாயின், அது படியும் இடத்தின் அளவு பெரிதும் பொருட்படுத்தத் தக்கதாகும்.

ஆதலின் முதற்கண் நோக்கத்தக்கது அகலம். வார் தோளில் படியும் நீளம் ஒன்றேயாக, அகலம் இருமடங்காயின், அழுத்தம் பாதியாகும். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. மரக்கிட்டாருக்கு 2 அங்குல அகலம் சாலும். கனத்த மின்கிட்டாருக்கும் பேஸுக்கும் 3 அங்குலமோ அதனின் மிக்கதோ வேண்டும். எனினும் அகன்ற வார் விறைப்பாயிருப்பின் அதன் விளிம்பு கழுத்தை அறுக்கும். அகலமும் மென்மையும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்க.

இரண்டாவது நீளம். அமர்ந்து வாசிக்குங்கால் கருவி எவ்வுயரத்தில் இருக்கின்றதோ, நின்றபோதும் ஏறக்குறைய அவ்வுயரத்தில் இருக்குமாறு வாரை அமைத்தல் நன்று. முழங்கால் வரை தாழத் தொங்கவிடுதல் காட்சிக்கு அழகாகத் தோன்றலாம்; இடக்கை மணிக்கட்டோ ஒடிந்தாற்போல் மடங்கித் துன்புறும்.

மூன்றாவது பொருள். இங்கு நம் நாட்டு வெயிலையும் வியர்வையையும் மறத்தலாகாது. நைலான் வார் மலிவானது, எளிதில் அறாதது. ஆயின் வழுக்கும் இயல்பிற்று. தலை கனத்த கருவியை அதில் மாட்டினால், கருவியின் கழுத்து தரை நோக்கிச் சாயும். அதனை இடக்கை ஏந்தவேண்டி வரும். பருத்தி வார் வியர்வையை உறிஞ்சும், தோளைப் பற்றும், துவைத்தலும் கூடும். தோல்வார் நெடுநாள் உழைக்கும். உட்புறம் சொரசொரப்பாயின் வழுக்காது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் முறை தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்றும் தோற்றொழிலாற் பெயர் பெற்றவை. நல்ல தோல் வாங்கிக் கொடுத்தால், செருப்புத் தைக்கும் தொழிலாளரே நம் தோளுக்கு அளவாக வார் தைத்தளிக்க வல்லர். ஆயினும் மழைக்காலத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்குமாதலின், வாசித்து முடிந்தபின் துடைத்து நிழலில் உலர்த்தல் இன்றியமையாதது. அத்துணைப் பேணுதற்கு இயலாதார்க்குப் பருத்தியே ஏற்றதென்பது எம் துணிபு.

இனி, உறுதி. வாரின் நடுப்பகுதி அறுந்து கருவி விழுதல் அரிது. பழுது நேர்வது முனைகளிலேயாம். எனவே கடையில் வாரின் நடுவை இழுத்துப் பார்த்தலினும், முனைத்தோலைத் திருப்பிப் பார்த்தலே அறிவுடைமை. அத்தோல் தடித்ததாய், துளை இறுக்கமானதாய் இருத்தல் வேண்டும். புதிய வாரைக் குமிழில் மாட்டச் சிறிது வருந்த வேண்டியிருப்பின் அதனைக் குறையென எண்ணற்க. எளிதில் மாட்டப்படுவது எளிதில் கழலும். துணியும் தோலும் கூடுமிடத்தில் பசை மட்டும் இருப்பின் விலக்குக. நாற்புறமும் தைத்து, நடுவே குறுக்குத் தையலும் இட்டிருப்பின் கொள்க. குமிழின் திருகாணி தளர்ந்திருத்தலும் உண்டு. வாரைப் பழித்துக் குமிழை மறத்தல் தகாது. குமிழின்மேல் ஒரு ரப்பர் வளையத்தை அழுத்திச் செருகினால் வார் கழலாது காக்கும். அதனினும் உறுதி வேண்டுவோர்க்குப் பூட்டமைந்த குமிழ்களும் உள.

'வாருக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு? அப்பொருளைக் கொண்டு கம்பி வாங்கலாமே' என்பாரும் உளர். அவர்க்கு எம் விடை இது. கம்பி அறுந்தால் அன்றைய பாட்டு நிற்கும். வார் கழன்றால் கருவியின் கழுத்தே முறியலாம். மேலும், கல்லூரியிலும் ஆலயப் பாடகர் குழுவிலும் ஒரே கிட்டார் பலர் தோளில் மாறி மாறி ஏறுகின்றது. நெடிய மாணவர்க்கு அமைத்த வாரைக் குறிய மாணவி அணிந்து, தோள் நொந்து, மணிக்கட்டு நொந்து, 'எனக்கு இக்கலை வாராது' எனக் கருவியைத் திருப்பித் தருவாளாயின், அந்நட்டத்தை எவ்விலை ஈடு செய்யும்? சொந்தக் கருவி வாங்க இயலாத மாணவர்க்குப் பொதுக்கருவியே ஆசான். அதன் வார் அவரைத் துரத்துதல் ஆகாது.

ஆகவே, பொதுவிற் கருவி வாங்கும் பொறுப்புடையோர், நீளத்தைப் பெரிதும் கூட்டவும் குறைக்கவும் இயலும் அகன்ற பருத்தி வார் ஒன்றை அக்கருவியோடு வாங்குதலைக் கடமையாகக் கொள்வாராக. சொந்தமாய் வாங்கும் நண்பர்காள், நீவிர் கடைக்குச் செல்லுங்கால் கருவியை அவ்வாரில் மாட்டிக் கால்மணி நேரம் நின்று பார்மின். கண்ணுக்கு இனிய வாரைக் கண் ஒரு திங்களில் மறக்கும். தோளுக்கு இனிய வாரைத் தோள் என்றும் மறவாது.