சளி மருந்துக்கும் சான்று வேண்டும்

சாதாரணச் சளி, மருந்தே சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலோருக்கு 7 முதல் 10 நாளில் தணிந்துவிடும். நான்காம் நாள் கஷாயம் குடித்தவர் ஏழாம் நாள் தெம்பாக எழுந்தால், பெருமை கஷாயத்துக்குப் போகிறது. கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கியவரின் கதையும் இதுதான். வைரஸால் வரும் சளியை அது தொடுவதே இல்லை. அனுபவம் மட்டும் போதாது, ஒப்பிட்டுச் சோதித்த சான்றும் வேண்டும் என்பது இதனால்தான்.

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நாம் வாங்கும் நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால், ஒரே விடை வருவதில்லை. தேன் தேறுகிறது. மருந்தே கொடுக்காமல் விடுவதைவிடத் தேன் குழந்தைகளின் இருமலைத் தணிக்கக்கூடும் என்றது 2018ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு. ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. போட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்றழைக்கும் நிலவேம்பு, இருமலையும் தொண்டை வலியையும் குறைப்பதாக, 7,175 பேர் பங்கேற்ற 33 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. அச்சோதனைகளில் பல தரம் குறைந்தவை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆவி பிடிப்பதற்கோ உறுதியான பலன் தென்படவில்லை. கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் ஆபத்து மட்டும் உறுதி.

மலேசியாவின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் அங்கீகாரம் பெற்றது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'மால்' எனத் தொடங்கி 'டி' என முடியும் எண் இருக்கும். ஈயம், பாதரசம் போன்றவை வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அந்த எண் கிடைக்கிறது. எண் இல்லாத பொட்டலத்தைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம். ஆனால், அந்த எண் மருந்தின் பாதுகாப்புக்கும் தரத்துக்குமான உறுதி; நோய் தீரும் என்பதற்கான சான்று அல்ல.

அங்கீகாரம் கிடைத்ததோடு நம் வேலை முடியவில்லை. சித்த மருத்துவத்தின் கபசுரக் குடிநீரும் ஆடாதொடையும் நம் நாட்டு மருத்துவமனைகளிலேயே முறையாகச் சோதிக்கப்பட வேண்டும். ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடியொற்றித்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது; தேடினால் கிடைக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. சித்த மருத்துவத்தை மதிப்பவர்கள்தாம் இந்தச் சோதனையை முதலில் கேட்க வேண்டும். தேறியதைத் தயங்காமல் கொடுப்போம், தேறாததைத் தயங்காமல் விடுவோம்.