டிஎன்ஏ சொல்லாத ஊர்ப் பெயர்

“எங்க பாட்டன் ஊர் இதுதானா?” என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் சின்ன காஞ்சிபுரத்துக்குத் தேடி வந்தால், டிஎன்ஏ சோதனை மட்டும் கைகொடுக்காது. அது தென்னிந்தியா என்று சொல்லும், ஊரைச் சொல்லாது. உறவு பிடிபட, இங்குள்ள சொந்தக்காரரும் எச்சில் கொடுத்துச் சோதித்திருக்க வேண்டுமே!

கப்பல் பதிவேடுதான் வழி. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. ‘சிங்கிள்புட்’ ஜில்லா, ‘காஞ்சீவரம்’ என்று தேட வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர், வாய்விட்டுப் படித்தால்தான் புரியும்.

அதற்குப் பிறகு இங்கே யாரைக் கேட்பது? பழைய நிலப் பதிவேடுகளைத் தேடித் தர தாலுகா அளவில் ஒரு ஆளையாவது அரசு நியமிக்கலாம்.