சோளம் இருந்தது, வேகன் இல்லை

1863 ஏப்ரல் 2. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பின் தலைநகராக இருந்த ரிச்மண்டில் பசித்த பெண்கள் தெருவில் திரண்டார்கள். வர்ஜீனியா ஆளுநரிடம் முறையிட்டும் பலன் இல்லை. கடைகளை உடைத்து மாவையும் இறைச்சியையும் அள்ளினார்கள். தென்தரப்பு அதிபர் ஜெபர்சன் டேவிஸ் நேரில் வந்து, கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்று மிரட்ட வேண்டியிருந்தது. இதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது அரசு.

விளைச்சல் இல்லாததால் வந்த பசியா அது? இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் சோளம் இருந்தது. அதே மாதம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தானியமாகவே வரி வாங்கச் சட்டம் போட்டார்கள். அப்படி வாங்கிய தானியம், ஏற்றிப்போக வேகன் கிடைக்காமல் கிடங்குகளில் மக்கிப்போனது.

1860இல் நாட்டில் இருந்த சுமார் 30,000 மைல் ரயில்பாதையில் தெற்கின் பங்கு ஏறக்குறைய 9,000 மைல். அதிலும் பல, பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட துண்டுப் பாதைகள். பெரும்பாலான தென்மாநிலங்களில் தண்டவாள இடைவெளி (கேஜ்) 5 அடி. வட கரோலினாவில் 4 அடி எட்டரை அங்குலம். கேஜ் மாறும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுவண்டியில் ஏற்ற வேண்டும். போர் தொடங்கியபோது பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு கம்பெனியின் பாதை ஒரு மூலையில் முடியும், அடுத்த கம்பெனியின் பாதை வேறொரு மூலையில் தொடங்கும். நடுவில் குதிரை வண்டிதான்.

தேய்ந்த தண்டவாளத்துக்கு மாற்று இல்லை. இரும்பாலைகள் பீரங்கி வார்த்துக்கொண்டிருந்தன. கிளைப் பாதைகளைப் பெயர்த்து முக்கியப் பாதைகளுக்குப் போட்டார்கள். இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. ரயில்வேயைக் கையில் எடுக்கும் அதிகாரத்தை வடக்கின் நாடாளுமன்றம் 1862 ஜனவரியிலேயே அதிபர் லிங்கனுக்குக் கொடுத்துவிட்டது. தெற்கு அந்தத் துணிச்சலுக்கு வந்தது 1865 பிப்ரவரியில். ஏப்ரலில் தலைநகரே விழுந்துவிட்டது. கம்பெனி முதலாளியின் சொத்துரிமைக்குக் காட்டிய மரியாதையைத் தெருவில் நின்ற பெண்ணின் பசிக்கு அந்த அரசு காட்டவில்லை. அடிமைமுறையைக் காக்க எழுந்த அரசு அது; அதன் ரயில்பாதைகளைப் போட்டதும் பெரும்பாலும் அடிமைகளின் கைகளே. அது வீழ்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதன் கீழே பட்டினி கிடந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வடக்கில் ஹெர்மன் ஹாப்ட் என்ற பொறியாளர் இருந்தார். வண்டி ஓட்டத்தில் ராணுவ அதிகாரிகள் தலையிடக் கூடாது, வந்த வேகனை உடனே காலி செய்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக நின்றார். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையின்போது, பால்டிமோரிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை அவருக்குக் கிடைத்தது ஒற்றைப் பாதை. வண்டிகள் ஒதுங்க லூப் லைன் இல்லை, தந்தி இல்லை, எஞ்சினைத் திருப்ப வசதி இல்லை. தண்ணீருக்கு ஓடையில் வாளியால் மொண்டு ஊற்ற வேண்டும். ஹாப்ட் ஐந்தைந்து வண்டிகளாகச் சேர்த்து அனுப்பினார். சரக்கை இறக்கியதும் அந்த ஐந்தும் பின்னோக்கியே திரும்பி வந்தன. நாளுக்கு மூன்று நான்கு வண்டி போன பாதையில் தினம் 1,500 டன் வரை கொண்டுபோக வழி செய்தார். திரும்பிய வண்டிகளில் காயம்பட்டவர்கள் வந்தார்கள்.

இந்த ரயில் போக்குவரத்தின் உச்சம் 1864இல் வடக்கின் ஜெனரல் ஷெர்மனின் அட்லாண்டா படையெடுப்பு. ஒரு லட்சம் வீரர்கள், 35,000 விலங்குகள், 473 மைல் ஒற்றைப் பாதை, 196 நாட்கள். நாளுக்குப் பத்து டன் வேகன்கள் 130 வேண்டும் என்று ஷெர்மன் கணக்குப் போட்டார். இதையே சாலையில் கொண்டுபோக ஆறு கோவேறு கழுதைகள் பூட்டிய 36,800 வண்டிகள் தேவைப்பட்டிருக்கும் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

அந்தக் கணக்கில் மக்களுக்கு இடமில்லை. 1864 ஏப்ரலில் அவர் போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கான சரக்கை ரயிலிலிருந்து விலக்கியது. கிழக்கு டென்னசி மக்களின் வயிற்றில் அடித்த உத்தரவு அது. அவர்களில் பெரும்பாலோர் லிங்கனின் பக்கம் நின்றவர்கள். உத்தரவைத் தளர்த்த முடியுமா என்று லிங்கனே கேட்டார். ராணுவத்துக்கும் மக்களுக்கும் சேர்த்துச் சுமக்க இந்த ரயிலால் முடியாது என்று ஷெர்மன் மறுத்துவிட்டார்.

படைத்தலைவராக அவர் கணக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் 130 வேகனில் நாலைந்தையாவது அந்த மக்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. இன்று உள்நாட்டுப் போர்களில் சமரசம் பேசப் போகிறவர்கள், எந்தப் பாதை யார் வசம் என்று எழுதும் அதே தாளில், அதில் தினம் எத்தனை வேகன் மாவு போகும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.