அறிவிக்கப்படாத பரீட்சை

இலங்கையில் ஆசிரியத் தொழிலை நாடும் இளைஞர் இரண்டு பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றனர் என்பது எல்லோரும் அறிந்ததே. ஒன்று க.பொ.த. உயர்தரப் பரீட்சை, மற்றது தேசிய கல்வியியற் கல்லூரிக்கான நேர்முகப் பரீட்சை. இவற்றுக்கு இடையிலும் இவற்றின் பின்னரும் மூன்றாவது பரீட்சையொன்று நடைபெறுகின்றது. அதற்கு வினாத்தாள் இல்லை, மண்டபம் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, அது முடிவுறும் நாள் எந்த வர்த்தமானியிலும் அறிவிக்கப்படுவதும் இல்லை. முதலிரண்டிலும் திறமை காட்டியோர் பலர் இந்த மூன்றாவதிலேயே தோற்றுப்போகின்றனர். காத்திருத்தல் என்பது அதன் பெயர்.

நிர்வாகத் தாமதம் என்ற சாதுவான சொல்லால் இதனைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. மழை எல்லோர் தலையிலும் பெய்வதுபோலத் தாமதமும் எல்லோரையும் ஒரே அளவிற் பாதிக்கும் என்ற மயக்கத்தை அச்சொல் உண்டாக்குகின்றது. ஆனால் மழையிலும் கல்வீட்டில் இருப்பவன் நனைவதில்லை. காத்திருப்பு வசதியுள்ளவரையும் வசதியற்றவரையும் பிரித்தெடுக்கும் தெரிவுமுறையாகவே நடைமுறையில் இயங்குகின்றது. எவராலும் சட்டமாக்கப்படாத, எவரும் பொறுப்பேற்காத தெரிவுமுறை அது. இதனை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தெளிவாகக் காணலாம்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரும், பெரிய பாடசாலைகளும், தனியார் வகுப்புகளும் பெரும்பாலும் எழுவான்கரையிலேயே உள்ளன. காத்தான்குடிக்குத் தெற்கே, கடலோரமாகத் தாழங்குடாவில் மட்டக்களப்புத் தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்துள்ளது. படுவான்கரை நெல் விளையும் நிலம். மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்தின் பாடசாலைகள் அங்குள்ளவை. மாவட்டத்தின் ஐந்து வலயங்களுள் ஆசிரியர் பற்றாக்குறையால் நெடுங்காலமாக நலிவுற்று வருவது இவ்வலயம். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலையிலிருந்து அவ்வழியே கிழக்குக் கரைக்கு வருவோர் வாவியைப் பாதையில் ஏறியே கடந்தனர். பாலம் வந்தபின் தூரம் குறைந்தது. காலம் குறையவில்லை.

படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து உயர்தரத்திற் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற மாணவியொருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறாள். அது ஒருசில தசமங்களால் தவறிவிட்டால், கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானிக்காகக் காத்திருக்கிறாள். விண்ணப்பித்தபின் நேர்முகக் கடிதத்துக்காகவும், நேர்முகத்தின் பின் அனுமதிக் கடிதத்துக்காகவும் காத்திருக்கிறாள். இந்நான்கு காத்திருப்புகளுள் ஒன்றுக்கேனும் முடிவு நாள் குறிக்கப்பட்டிருப்பதில்லை. 2019, 2020 ஆகிய ஈராண்டுகளில் உயர்தரப் பரீட்சை எழுதியோரை ஒரே அழைப்பிற் சேர்த்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கோரிய நிகழ்ச்சி, இத்தாமதம் எவ்வளவு தூரம் இயல்பாகிவிட்டது என்பதற்குச் சான்று. ஒரு தொகுதியினர் காத்திருக்க, அவர்க்குப் பின்வந்த தொகுதியினர் அவர்களை எட்டிப்பிடித்துவிட்டனர்! அதன்பின் தொடங்குவது மூன்றாண்டுப் பயிற்சி: ஈராண்டு கல்லூரி விடுதியில், ஓராண்டு பாடசாலையில்.

இவ்விடத்தில் நிபந்தனைகளையும் நோக்குதல் வேண்டும். விண்ணப்பதாரிக்கு வயதெல்லை உண்டு. அவர் திருமணமாகாதவராகவும் இருத்தல் வேண்டும். விரைவாக இயங்கும் அமைப்பொன்றில் இவ்விரு நிபந்தனைகளும் பெரிய சுமையாகா. தாமதமாக இயங்கும் அமைப்பில் இவையே கழுத்தைச் சுற்றிய கயிறுகள். மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கு மட்டக்களப்புக்கு உரியது. அவ்வீட்டைக் கட்டுவதற்கே பெற்றோர் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிடுவர். பொருந்திய வரன் வாசலில் நிற்கையில், என்றோ வரப்போகும் கடிதமொன்றுக்காக அவனைத் திருப்பியனுப்பும் துணிவு எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? உத்தியோகத் தந்தையின் மகளால் மூன்றாண்டு காத்திருக்க முடியும். கூலி விவசாயியின் மகள் ஆடைத்தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ சென்றுவிடுகிறாள். பின்னர் வரும் அனுமதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லாமற்போவதைத் தகுதியின்மை என்று பதிவேடு சொல்லும். அவள் தோற்றது தகுதியிலன்று என்பதைக் குறித்துவைக்க அப்பதிவேட்டில் நிரலே கிடையாது.

தமிழ்க் கல்வியுலகின் மௌனமும் இங்கே கண்டிக்கத்தக்கது. 1971ஆம் ஆண்டில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்ட நாள்முதல் பல்கலைக்கழக அனுமதியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். மாவட்ட ஒதுக்கீடு, 2001ஆம் ஆண்டில் வந்த இசட் புள்ளி, பழைய பாடத்திட்டத்தையும் புதிய பாடத்திட்டத்தையும் ஒன்றாகக் கணித்த 2011ஆம் ஆண்டின் இசட் புள்ளிகளை உயர்நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தமை ஆகிய யாவும் மேடைகளிலும் ஏடுகளிலும் அலசப்பட்டன. புள்ளியில் நிகழ்ந்த அநீதியை நோக்கிய கண்கள் காலத்தில் நிகழும் அநீதியை நோக்கவில்லை. அந்தப் பழைய விவாதத்திலும் மட்டக்களப்பின் நலன் யாழ்ப்பாணத்தின் நலனோடு எப்போதும் ஒத்திருக்கவில்லை. மாவட்ட ஒதுக்கீட்டால் பின்தங்கிய தமிழ்ப் பிரதேசங்களும் பயன்பெற்றன என்ற சங்கடமான உண்மை பல கட்டுரைகளில் அடிக்குறிப்பாகவே ஒடுங்கிப்போயிற்று. இன்று பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. அரசு ஒரு கையால் அளந்து கொடுக்கும் இச்சலுகையை மறு கையிலுள்ள கடிகாரம் அளவின்றிப் பறித்துக்கொள்கின்றது என்பதை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை.

தாமதத்துக்கு வக்காலத்து வாங்குவோர் கூறும் நியாயங்கள் மூன்று. நாட்டின் நெருக்கடிகளே காரணம் என்பது அவற்றுள் முதலாவது. பெருந்தொற்றும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் பரீட்சைகளைப் பின்தள்ளியது உண்மை. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடைபெற்றது. பெறுபேறு அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே வெளியாயிற்று. அந்த இடைவெளியிற் சில மாதங்கள் விடைத்தாள் திருத்துவதைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் பகிஷ்கரித்தமையாற் கழிந்தவை. வரிச்சுமைக்கு எதிரான அவர்களது குறை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அப்போராட்டத்தின் செலவைச் செலுத்தியோர் வரி கட்டுமளவு வருமானம் என்றுமே கண்டிராத வீடுகளின் பிள்ளைகள் என்பதை விரிவுரை மண்டபங்களிற் பேசவேண்டும். மேலும், நெருக்கடி பரீட்சையைத் தாமதப்படுத்தலாம். பெறுபேறு கையில் வந்தபின் நிகழும் தாமதத்துக்கு அந்த நியாயம் செல்லாது.

இரண்டாவது நியாயம், செம்மையான தெரிவுக்குக் காலம் வேண்டும் என்பது. கல்வியியற் கல்லூரிகளிலும் பன்மடங்கு கூடிய மாணவரை, எத்தனையோ கற்கைநெறிகளுக்குப் பிரித்து, மாவட்டவாரியாகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் தெரிவுசெய்கின்றது. அதன் வேகமும் போற்றத்தக்கதன்று. எனினும் இரண்டு தொகுதியினரை ஒன்றாகக் கட்டியனுப்பும் நிலைக்கு அது வரவில்லை. பெறுபேறுகள் யாவும் பரீட்சைத் திணைக்களத்திடமே உள்ளன. சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் சில நிமிட நேர்முகம் நடத்தவும் ஆண்டுக்கணக்கிற் காலம் செல்லுமாயின், அங்கே இல்லாதது செம்மையன்று, அக்கறையே.

பின்லாந்தை மேற்கோள் காட்டாத கல்வியியல் விரிவுரை இன்று அரிது. 1970களில் ஆசிரியக் கல்வியைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்து, அப்பத்தாண்டின் முடிவில் வகுப்பாசிரியருக்கும் முதுமாணித் தகைமையை வேண்டிய நாடு அது. அங்கும் விண்ணப்பிப்போருட் பெரும்பாலோர் நிராகரிக்கப்படுகின்றனர். ஆயினும் வசந்தகாலத்தில் தெரிவுப் பரீட்சை எழுதியோர் இலையுதிர்காலத்திற் படிப்புத் தொடங்குமுன் தம் நிலையை அறிந்துகொள்கின்றனர். பிரித்தானியாவில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவருக்கு 40 வேலைநாட்களுக்குள் முடிவு கூறவேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அமெரிக்காவிற் பட்டப்பின் கற்கைக்கு நிதியுதவியோடு இடமளிக்கப்பட்ட மாணவரை ஏப்ரில் 15ஆம் திகதிக்கு முன் விடை கூறுமாறு நெருக்குதல் ஆகாது என்று பட்டப்பின் கல்லூரிகளின் பேரவை உடன்பாடொன்றை வகுத்துள்ளது. இந்நாடுகளிலும் காத்திருப்பின் வேதனை இல்லாமலில்லை. ஆனால் அந்த வேதனைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகின்றது. பின்லாந்தின் வகுப்பறையை வியந்து பேசும் விரிவுரைகள் அதன் நாட்காட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மூன்றாவது நியாயமே மிகக் கொடியது. காத்திருக்கும் இளைஞர் சும்மா இருப்பதில்லை, தம் ஊர்ப் பாடசாலைகளிலே கற்பித்து அனுபவம் பெறுகின்றனர் என்பது அது. உண்மைதான். கிழக்கு மாகாணத்தின் எத்தனையோ வகுப்பறைகள் தொண்டர் ஆசிரியரின் தோள்களிலே நின்றன; சிறு கொடுப்பனவுக்கோ, அதுவுமின்றியோ அவர்கள் உழைத்தனர்; நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். பயிற்சி பெறவேண்டிய வயதிற் பயிற்சியை மறுத்து, பயிற்சியற்ற அவர்களது உழைப்பை மலிவாகப் பெற்று, பின்னர் பயிற்சியற்றவர் என்ற காரணத்தைக் காட்டியே நியமனத்தைப் பின்போடும் முறைக்கு அனுபவம் என்ற பெயர் பொருந்தாது. படுவான்கரையின் ஆரம்ப வகுப்புகளிற் பிள்ளைகள் ஆசிரியருக்காகக் காத்திருக்க, ஆசிரியராக விழைவோர் கல்லூரிக்காகக் காத்திருக்கின்றனர். இரு சாராருக்குமிடையே நிற்பது சில கோப்புகள்.

பல்கலைக்கழகம் சென்றவர்கள் இதற்குத் தப்பினர் எனக் கருதுதல் தவறு. 1981 ஓகஸ்டில் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986 ஒக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இப்பிரதேசத்துக்குப் பட்டதாரிகளை அளித்தது. அப்பட்டதாரிகள் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் மட்டக்களப்புக் காந்தி பூங்காவின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினர். நூறு நாட்களைக் கடந்தும் அது நீடித்தது. ஒருவாறு ஆசிரிய நியமனம் பெற்றபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அதன்பின் முதுகல்விமாணி என்று காத்திருப்பு மீண்டும் தொடர்கின்றது. இந்தக் கற்கைநெறிகளுக்கு மாணவரைத் தெரிவுசெய்வோர் அமைச்சின் எழுதுவினைஞர் அல்லர், பல்கலைக்கழகக் கல்வித்துறையினரே. விண்ணப்ப முடிவுத் திகதியைத் தடித்த எழுத்தில் அச்சிடும் இத்துறைகளுள் எத்தனை, தெரிவு முடிவை அறிவிக்கும் திகதியையும் அச்சிடுகின்றன? தெரிவாகாதவருக்கு, தெரிவாகவில்லை என்ற ஒருவரிக் கடிதத்தையேனும் எத்தனை அனுப்புகின்றன? மாணவர் உளவியலைப் பாடமாகக் கற்பிக்கும் துறைகள் விண்ணப்பதாரிகளின் உளவியலை அறியாதிருப்பது விந்தையே. விடையின்மையும் ஒரு விடையெனக் கொள்ளவேண்டிய நிலையில் வளர்ந்த ஆசிரியர்களை நிறுத்துவது கல்வியியலுக்கு அழகன்று.

காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்று மீண்டு, துறவியானபின் 1929ஆம் ஆண்டிற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவருக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகின்றது. மாலையிட அதிகாரிகள் வரிசையில் நிற்கின்றனர். அவ்வதிகாரிகளின் மேசைகளிலே அவர் பிறந்த மண்ணின் இளைஞரது விண்ணப்பங்கள் உறங்கிக்கிடப்பதை விழா மேடையில் எவரும் நினைவூட்டுவதில்லை.

கல்வியியற் கல்லூரிகளை ஒன்றிணைத்துப் பல்கலைக்கழக நிலைக்கு உயர்த்தி, நான்காண்டுக் கல்விமாணிப் பட்டம் வழங்கும் திட்டம் அண்மைய ஆண்டுகளிற் பலமுறை அறிவிக்கப்பட்டது. டிப்ளோமா பட்டமாவது நன்றே. வாயிலைத் திருத்தாமல் மண்டபத்தை விரிப்பதால், வாயிலில் நிற்பவருக்கு வரும் பயன் யாது? மூன்றாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு காத்திருந்தவர் நான்காண்டுப் படிப்புக்கும் அவ்வாறே காத்திருப்பாராயின், இருபதுகளின் பெரும்பகுதி கழிந்தபின்னரே முதற் சம்பளத்தைக் காண்பார்.

குருமண்வெளித் துறையில் மண்டூர் செல்ல நிற்பவர், பாதை எதிர்க்கரையில் நிற்பதையோ வாவியின் நடுவே வருவதையோ கண்ணாற் காண்கிறார். வெயிலானாலும் அவர் நிற்பது அதனால்தான். கல்வி அமைச்சும் பல்கலைக்கழகங்களும் செய்யவேண்டியதற்குப் பெருநிதி தேவையில்லை. விண்ணப்பம் கோரும் அறிவித்தலிலேயே நேர்முகம் நடைபெறும் மாதத்தையும், முடிவு வெளிவரும் திகதியையும், கற்கை தொடங்கும் திகதியையும் அச்சிடுதல் வேண்டும். தெரிவானோர், காத்திருப்புப் பட்டியலில் உள்ளோர் ஆகியோரின் நிரல்களைப் புள்ளிகளோடு வெளியிட்டு, தெரிவாகாதோருக்குக் காரணத்தை எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வயதை விண்ணப்ப நாளிலிருந்து கணிக்காமல், உயர்தரப் பெறுபேறு வெளியான நாளிலிருந்து கணித்தல் வேண்டும். திருமணமாகாதிருத்தல் என்ற நிபந்தனை விடுதி வசதியைக் கருதி வந்ததாயின், அதனை நீக்கி, விடுதிக்கு வெளியே தங்கிப் பயில்வோருக்கு வழிசெய்தல் வேண்டும். தாழங்குடாக் கல்லூரிக்கு நாள்தோறும் பஸ்ஸிற் சென்றுவரக்கூடிய மணமான பெண்கள் இரு கரைகளிலும் இருக்கின்றனர்; படுவான்கரைப் பாடசாலைகளிற் கற்பிக்க வேற்றூரிலிருந்து எவரும் வர விரும்பாத நிலையில், அங்கேயே வீடும் குடும்பமும் உள்ள அவர்களே அப்பாடசாலைகளை விட்டு இடமாற்றம் கேட்டுச் செல்லாத ஆசிரியராக நிலைப்பர்.