வீட்டில் பீர் காய்ச்சினால் குற்றமா? கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புக் கோடு!

பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் வாங்கி வீட்டிலேயே கசப்பான ஸ்ட்ராங் பீர் தயாரித்து, சுட்ட மீனோடு ருசிக்கலாம் என்று நினைக்கிறீர்களா? தமிழ்நாட்டில் அது குற்றம். சாத்தான்குளம் பக்கம் பனையில் கள் இறக்கினாலும் அதே சட்டம்தான் பாயும். ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது?

1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. விற்கவில்லை, வீட்டுக்கு மட்டும்தான் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. கள்ளுக்கு 1987-ல் இருந்தே தடை.

பதநீர் எப்படி கள்ளாகிறது?

பீருக்கு தானியத்தை முளைகட்டி, காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பனைக்கு அந்த வேலையே இல்லை. பாளையில் வடியும் சாறு, காற்றில் உள்ள ஈஸ்ட் பட்டு சில மணி நேரத்தில் தானாகவே புளித்துவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பது தடைபடும், அது பதநீர். தடவாவிட்டால் கள். மரமும் ஒன்று, சாறும் ஒன்று. ஆனால், ஒன்று தொழில், இன்னொன்று வழக்கு!

எதில் போதை அதிகம்?

கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 சதவீதம். கடையில் விற்கும் ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை இருக்கலாம். 'டாஸ்மாக்கில் அது ஓகே, மரத்தில் இறக்கினால் மட்டும் தப்பா?' என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. இதே கோரிக்கையோடு 2025 ஜூனில் பெரியதாழையில் சீமான் பனை ஏறி கள் இறக்கினார். பக்கத்து மாநிலமான கேரளாவில், கள்ளுக்கடையில் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சேர்த்தே விற்கிறார்கள்.

எதிர்ப்பு ஏன்?

மரம் மரமாகப் போய் கண்காணிப்பது கஷ்டம். போதை ஏற்ற ரசாயனம் கலக்கும் ஆபத்தும் உண்டு. 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. கள் இயற்கையானதுதானே என்றாலும், பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பனையேறிகளுக்கு என்ன வழி?

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கருப்பட்டிக்கு விறகும் உழைப்பும் அதிகம் தேவை; சீசனும் சில மாதங்கள்தான். மது மாநிலப் பட்டியலில் இருப்பதால், தடையை நீக்குவதோ தொடர்வதோ தமிழ்நாடு அரசின் கையில். அதுவரை கலயத்தில் சுண்ணாம்பு கட்டாயம்!